மறைந்த நகராட்சித் தலைவருக்கு ஊர் சார்பில் நினைவேந்தல் நடத்துவது எப்படி?

ஊருக்குச் சேர்மனாக இருந்து மறைந்த ஒருவருக்குப் படத்திறப்பு நடத்தும்போது, மேடையில் பேசுவோர் பலரும் யாருக்கும் பொருந்தக்கூடிய புகழ்மொழிகளையே சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். அவர் தம் பதவிக்காலத்தில் ஊருக்கு என்ன செய்தார் என்பதைத் தேடித் திரட்டி, பெயரும் ஆண்டும் பிழையின்றிச் சபையில் வைப்பதே அவருக்குச் செய்யத்தக்க உண்மையான மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்யும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் ஊரைச் சுற்றி வந்து, குடிநீர்த் தொட்டி, பேருந்து நிலையம், சந்தை, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றில் உள்ள திறப்புவிழாக் கல்வெட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் பெயர் இருப்பதாலேயே ஒரு பணி அவர் முயற்சியால் வந்தது என்று கொள்ள முடியாது. அதை நகர்மன்றத் தீர்மானப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நகராட்சியில் ஆணையரிடமும் பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் கேட்டால் பெரும்பாலும் பார்க்க அனுமதிப்பார்கள். இல்லையெனில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதை மனத்தில் வைத்து நாள் குறியுங்கள்.

அவர் எந்த முறையில் தேர்வானார் என்பதையும் பிழையின்றிச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் நகராட்சித் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் நகர்மன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள் என்பதால், அக்காலத்துப் பணிகளை அவர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

ஏட்டில் இல்லாதவற்றைத் தூய்மைப் பணியாளர்களிடமும், தண்ணீர் திறந்துவிடுபவர்களிடமும், எதிர்க்கட்சி உறுப்பினர்களாக இருந்தவர்களிடமும் கேளுங்கள். கோடையில் குடிநீர் வராத தெருவுக்கு லாரி அனுப்ப அவர் எந்த நேரத்தில் எழுந்து வந்தார் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். அவர்களில் இருவரையாவது மேடையில் பேச அழையுங்கள்; கட்சிப் பிரமுகர்களுக்குப் பின்னால் அல்ல, முன்னால்.

நகர்மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றுமாறு இப்போதைய தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டு, தீர்மானத்தின் நகலைக் குடும்பத்தாரிடம் முறையாக ஒப்படையுங்கள். நிகழ்ச்சி நாளைக் கருமாதிக்குப் பின் குடும்பத்தாரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

சிலை வைக்க வேண்டும் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருப்பதை அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தொகையில் அவர் தொடங்கிவைத்த பூங்காவையோ படிப்பகத்தையோ பழுது பார்க்கலாம். தெருவுக்கோ பூங்காவுக்கோ அவர் பெயரைச் சூட்ட விரும்பினால் மன்றத் தீர்மானம் பெற்றுச் செய்யுங்கள்.

திரட்டிய விவரங்களைச் சிறு நினைவு மலராக அச்சிட்டு, குடும்பத்தாருக்கு வேண்டிய படிகள் போக, கிளை நூலகத்துக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் ஊர்ப் பள்ளிகளுக்கும் ஒவ்வொன்று கொடுங்கள்.