சுகாதாரக் கணக்கெடுப்பில் சிறை பற்றிக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எப்போதாவது சிறையில் இருந்திருக்கிறீர்களா?” என்ற ஒரே கேள்வியோடு பல கணக்கெடுப்புகள் இந்த விஷயத்தை முடித்துவிடுகின்றன. என் பார்வையில் பெரிய தவறு இதுதான். சில நாள் விசாரணைக் காவலில் இருந்தவரும் பத்து ஆண்டு தண்டனை அனுபவித்தவரும் ஒரே ‘ஆம்’ கட்டத்தில் விழுகிறார்கள். கைதாகி, சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவரோ ‘இல்லை’ பக்கம் போய்விடுகிறார். அமெரிக்காவில் சிறைக்குள் இருப்பவர்களைவிட இப்படி வெளியே கண்காணிப்பில் இருப்பவர்களே அதிகம். அவர்களையும் சேர்த்து ‘பாதிப்பில்லாதவர்கள்’ என்று ஒப்பிட்டால், உடல்நலத்தில் இருக்கும் உண்மையான வித்தியாசம் குறைந்துதான் தெரியும்.

கைது, விசாரணைக் காவல், தண்டனைச் சிறை, கண்காணிப்பு, பரோல் (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடப்படுவது) என்று தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு காலம், முதல்முறை எந்த வயதில் என்பதும் வேண்டும். கடைசியாக எப்போது வெளியே வந்தார் என்பதை மட்டும் விட்டுவிடவே கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்களுடைய இறப்பு அபாயம் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு இருந்தது. முதன்மைக் காரணம் அளவுமீறிய போதைப்பொருள். ‘எப்போதாவது’ என்று கேட்டால் இந்த இரண்டு வாரங்கள் காணாமலே போய்விடும். தேதி தெரியாவிட்டால், நோய் முன்பா சிறை முன்பா என்றும் சொல்ல முடியாது. மனநலப் பிரச்சினையே கைதுக்கு இட்டுச் சென்றிருக்கலாம்.

அடுத்தது, யாரிடம் கேட்கிறோம் என்பது. வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பில் அன்று சிறையில் இருப்பவர் வரவே மாட்டார். விடுதலையானவர்களிலும் நிலையான முகவரி இல்லாதவர்கள் நழுவிவிடுவார்கள். அப்படிக் கிடைத்த எண்ணை முழு மக்கள்தொகைக்கும் பொருத்துவது சரியல்ல. அமெரிக்காவில் 1979-இல் தொடங்கிய தேசிய இளைஞர் தொடராய்வு (ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பேட்டி காணும் ஆய்வு), சிறையில் இருந்தவர்களையும் தேடிப்போய்ப் பேட்டி கண்டது. வசிப்பிடம் சிறை என்று பதிவானதால், தனிக்கேள்வி கேட்காமலே அந்தத் தகவல் கிடைத்தது.

அப்புறம், குடும்பத்தார் பக்கத்தில் இருக்கும்போது இதை வாய்விட்டுக் கேட்காதீர்கள். ஹெட்போனில் கேள்வியைக் கேட்டு, அவரே கணினியில் பதில் தரட்டும். பரோலில் இருப்பவருக்குத் தன் பதில் அதிகாரியிடம் போய்ச் சேருமோ என்ற பயம் இருக்கும். யார் பார்ப்பார்கள், யார் பார்க்கமாட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்குத் தேவையில்லை என்றால், செய்த குற்றம் என்ன என்று கேட்கவே வேண்டாம்.