ஸ்கேட்போர்ட் பலகையை எப்போது மாற்றுவது?

ஒரு பலகை எத்தனை மாதம் ஓடும் என்றால், அது ஓடுபவரைப் பொறுத்தது. நாள்தோறும் சீமெந்துத் தரையில் ‘ஒல்லி’ (பலகையோடு சேர்ந்து துள்ளும் வித்தை) அடிப்பவருக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம். கிழமைக்கு ஓரிரு நாள் பழகுபவருக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட வரும். சும்மா உருட்டிக்கொண்டு போவதென்றால் வருடக்கணக்கில் கிடக்கும். வன்னியில் இந்தக் கணக்கையெல்லாம் குழப்புவது மாரி மழை. அதனால் மாதத்தை எண்ணாமல் பலகையைப் பாருங்கள்.

படி 1: காய்ந்த துணியால் துடையுங்கள். கிரவல் தூசி வெடிப்புகளை மறைத்துவிடும்.

படி 2: ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். வழக்கமாக ஏழு மெல்லிய மேப்பிள் தகடுகளைப் பசையிட்டு அழுத்தித்தான் பலகை செய்வார்கள். அந்தக் கோடுகள் தெரியும். கொப்பித்தாளின் முனையை அவற்றுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டுவிட்டது. வால் (பலகையின் பின்முனை) நுனியில் கொஞ்சம் விரிந்திருந்தால் மரப்பசை பூசி, இறுக்கிக் கட்டி ஓர் இரவு வைத்தால் சில காலம் தாங்கும். ட்ரக் (சில்லுகளைப் பலகையோடு பிணைக்கும் உலோக அச்சு) பக்கம் விரிந்திருந்தால் ஒட்டி மினக்கெட வேண்டாம்.

படி 3: ட்ரக்கைக் கழற்றுங்கள். போல்ட் துளையருகே மயிரிழை வெடிப்பு இருந்தால் பயமில்லை, கவனித்துக்கொண்டால் சரி. அது ஒரு துளையிலிருந்து அடுத்ததுக்கு ஓடி, தகடுகளை ஊடுருவியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மேல்பக்கத்தை கிறிப் ரேப் (கால் வழுக்காமலிருக்க ஒட்டும் சொரசொரப்பான தாள்) மூடியிருக்கும். அங்கே விரலால் தடவித்தான் அறியலாம்.

படி 4: வாலையும் மூக்கையும் (முன்முனையையும்) ஒப்பிடுங்கள். வாலைத் தேய்த்தே பிரேக் பிடிப்பவர்களுக்கு அது கத்தி முனை மாதிரி மெலிந்திருக்கும். அப்படியானால் வால் சீக்கிரம் உடையும்.

படி 5: வாலை நிலத்தில் தட்டுங்கள். நல்ல பலகை ‘டக்’ என்னும். ஊறியது ‘தொப்’ என்னும். நனைந்தால் உடனே துடைத்து, விறாந்தையில் நிழலாகக் காற்றுப்பட நிறுத்துங்கள். அவசரத்துக்கு வெயிலில் போட்டால் வளைந்துவிடும். நன்றாக ஊறிய மரம் காய்ந்தாலும் பழைய துள்ளல் வராது.

படி 6: மாற்றுவதென்றால் பலகை மட்டும் போதும், ட்ரக், சில்லு, பெயாரிங் எல்லாம் பழையதே உதவும். ட்ரக்கின் அகலத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் பலகையாக எடுங்கள். எட்டு போல்ட்டையும் முதலில் கையால் பூட்டி, அப்புறம் மூலைக்கு மூலை இறுக்குங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இருப்பவர்கள் துருப்பிடித்த நட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.