எல்லை தாண்டும் ட்ரக் சாரதி தன் ஓட்ட நேரத்தையும் ஓய்வையும் திட்டமிடுவது எப்படி?

ரொறன்ரோப் பெரும்பாகத்திலிருந்து அமெரிக்காவுக்கு லோட் கொண்டுபோகும் ஒரு சாரதியிடம் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஓடலாம் என்று கேட்டால், 11 என்றோ 13 என்றோ பதில் வரும். முதலாவது அமெரிக்க விதி, இரண்டாவது கனடிய விதி, இரண்டும் சரியே. ஆயினும் நாளைக் குழப்புவது பெரும்பாலும் இந்த எண்கள் அல்ல. வேலையை ஆரம்பித்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஓடினாலும், சரக்கு ஏற்றி இறக்கும் டொக்கில் காத்திருந்தாலும், கோப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு கடிகாரம் உண்டு. அதை முன்வைத்துத் திட்டமிடப் பழகியவருக்கு மற்றக் கணக்குகள் தாமாகவே அடங்கிவிடும்.

அமெரிக்காவில் அந்தக் கடிகாரம் 14 மணித்தியாலத்துக்கு உரியது. தொடர்ச்சியாக 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பின் கடமையை ஆரம்பித்தால், அந்த ஆரம்பத்திலிருந்து 14ஆவது மணித்தியாலம் முடிந்ததும் ட்ரக்கை ஓட்ட முடியாது. அந்த 14க்குள் உண்மையில் ஓட்டக்கூடியது 11 மணித்தியாலம் மட்டுமே. அதற்குள்ளும், மொத்தமாக 8 மணித்தியாலம் ஓட்டுவதற்கிடையில் குறைந்தது 30 நிமிடம் தொடர்ச்சியாக ஓட்டாமல் இருந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பர் 29க்கு முன் இந்த 30 நிமிடம் கடமையற்ற நேரமாகவே இருக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது டீசல் அடிப்பது, லோட் இறக்குவதற்குக் காத்திருப்பது போன்ற ஓட்டாத கடமை நேரமும் அதில் சேரும். பழைய சாரதிகள் சிலர் இன்னமும் டீசல் அடித்து முடித்துவிட்டுத் தனியாக அரை மணித்தியாலம் நிற்கிறார்கள். அது தேவையற்ற இழப்பு.

கனடாவின் தெற்குப் பகுதிக்கான விதி பார்ப்பதற்குத் தாராளமானது. 13 மணித்தியாலம் ஓட்டலாம், 14 மணித்தியாலம் கடமையில் இருக்கலாம். இங்கே 14 என்பது கடமையில் இருந்த நேரத்தின் கூட்டுத்தொகை, இடையில் எடுத்த ஓய்வு அதில் சேராது. ஆனால் வேலை ஆரம்பித்து 16 மணித்தியாலம் கடந்தபின் ஓட்ட முடியாது. நாளொன்றில் 10 மணித்தியாலம் கடமையற்றிருக்க வேண்டும். அதில் 8 தொடர்ச்சியாக இருந்தால் போதும், மிகுதி இரண்டையும் 30 நிமிடத்துக்குக் குறையாத துண்டுகளாக எடுக்கலாம்.

இந்தத் தாராளம்தான் எல்லையில் பொறியாக மாறுகிறது. கனடாவுக்குள் மட்டும் ஓடும் சாரதி இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்குச் சட்டப்படி புறப்படலாம். அதே மனிதர் அன்று வின்சர் பாலத்தைத் தாண்டி டெட்ரோயிட்டில் பரிசோதனைக்கு நிறுத்தப்பட்டால், அமெரிக்க அதிகாரி தேடுவது தொடர்ச்சியான 10 மணித்தியாலம். ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் லொக்கில் இருப்பதோ 8. கனடாவுக்குள் ஓடிய நேரமும் அமெரிக்கக் கணக்கில் சேரும் என்பதால், கரை கடந்த பிறகு எதையும் புதிதாக ஆரம்பிக்க முடியாது. எனவே அமெரிக்கா போகும் ஓட்டத்துக்கு முந்தைய இரவிலேயே 10 மணித்தியாலத்தை முழுமையாக எடுத்துவிடுங்கள். 9 மணி 58 நிமிடம் என்பது 10 அல்ல; லொக்கைப் பதியும் மின்னணு இயந்திரம் அந்த இரண்டு நிமிடத்தை மன்னிப்பதில்லை.

வாரக் கணக்கிலும் இதே முறையில் இறுக்கமான பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 8 நாட்களில் 70 மணித்தியாலம் கடமை (வாரம் முழுவதும் இயங்காத நிறுவனங்களுக்கு 7 நாட்களில் 60), கனடாவில் ‘முதலாவது சுற்று’ (Cycle 1) எனப்படும் முறையில் 7 நாட்களில் 70. கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர அமெரிக்காவில் 34 மணித்தியாலத் தொடர் ஓய்வு போதும், கனடாவில் 36 வேண்டும். ஆகவே 36 எடுத்தால் இரண்டு பக்கமும் தீர்ந்தது. வார நடுவில் ஓய்வெடுக்க முடியாதவர்கள் 70ஐ 8ஆல் வகுத்துப் பார்க்கட்டும்: நாளொன்றுக்கு 8 மணி 45 நிமிடம்தான் வருகிறது. தினமும் 12 மணித்தியாலம் கடமையில் இருப்பவருக்கு ஆறாவது நாளில் 10 மணித்தியாலமே மிஞ்சும். அந்த நாளில் நீங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருப்பீர்கள் என்பதைத் திங்கட்கிழமையே யோசிப்பது நல்லது.

பின்னாலிருந்து முன்னால்

திட்டத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எங்கே படுக்கப் போகிறீர்கள், அங்கே எத்தனை மணிக்கு இடம் கிடைக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டொப்புகள் மாலையாகும்போதே நிரம்பத் தொடங்கும்; இரவு 9 மணிக்கு இடம் தேடுபவர் வெளியேறும் பாதையின் ஓரத்தில் நிற்கும் நிலைக்குத்தான் போவார். ஓட்ட நேரம் முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே நின்றுவிடத் திட்டமிடுவதை நான் சோம்பலாகக் கருதுவதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மிசிசாகாவிலிருந்து சிக்காகோவின் புறநகர்க் களஞ்சியம் ஒன்றுக்குப் பொருள் போகிறது. ஞாயிறு முழுவதும் ஓய்வில் இருந்திருக்கிறீர்கள். திங்கள் காலை 5 மணிக்குக் கடமை ஆரம்பம். டயர், பிரேக், விளக்கு, ட்ரெய்லர் இணைப்பு எல்லாவற்றையும் பார்க்க அரை மணித்தியாலம். 5:30க்கு 401 நெடுஞ்சாலையில் ஏறினால், வின்சர் வரையிலான ஏறத்தாழ 340 கிலோமீற்றருக்கு 4 மணித்தியாலம் வைத்துக்கொள்ளலாம். ஒன்ராறியோவில் ட்ரக்கின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேல் போக விடாது. அதையே சராசரி வேகமாகப் போட்டுக் கணக்கிடுபவர்கள் ஒன்ராறியோவின் லண்டனுக்கு முன்பே பின்தங்கிவிடுவார்கள். பாலத்திலும் சுங்கத்திலும் ஒரு மணித்தியாலம். வரிசையில் ஊர்ந்து போகும் நேரம் ஓட்டமாகவே பதிவாகும் என்பதால் அதில் பாதியை ஓட்டக் கணக்கில் எழுதுங்கள். 10:30க்கு டெட்ரோயிட். அங்கிருந்து ஐ-94இல் கலமசூ வரை 225 கிலோமீற்றர், 12:50. இதுவரை ஓடியது 6 மணி 50 நிமிடம். இங்கே டீசலும் சாப்பாடுமாக 30 நிமிடம் நின்றால் அமெரிக்க இடைவேளையும் கழிந்துவிடும். 1:20க்குப் புறப்பட்டு, 3:20 அளவில் இண்டியானாவின் லேக் ஸ்டேஷன் பகுதி. ஓடியது 8 மணி 50 நிமிடம்.

இன்னும் 2 மணி 10 நிமிட ஓட்டம் கையில் இருக்கிறது, களஞ்சியம் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது, மாலையே இறக்கிவிடலாமே என்று, நிறுவனத்தில் ஓட்டங்களை ஒதுக்கும் டிஸ்பாச்சர் சொல்லக்கூடும். கணக்கைப் பாருங்கள். 14 மணித்தியாலக் கடிகாரம் மாலை 7 மணிக்கு நிற்கும். 4:30க்கு உள்ளே போய், இறக்குவதற்கு மூன்று மணித்தியாலம் எடுத்தால், டொக்கில் நிற்கும்போதே நேரம் முடிந்துவிடும். எனவே பேசவேண்டியது முன்கூட்டியே: லோட்டை ஏற்கும்போதே மறுநாள் காலைக்கு நேரம் கேளுங்கள், 3:20க்கு லேக் ஸ்டேஷனில் நின்று நித்திரை கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிறிய சிக்கலும் உண்டு. சிக்காகோ ரொறன்ரோவைவிட ஒரு மணித்தியாலம் பிந்திய நேர வலயத்தில் இருக்கிறது. உங்கள் மின்னணு லொக், நீங்கள் வழக்கமாகப் புறப்படும் தாய் நிலையத்தின் நேரத்திலேயே ஓடும். களஞ்சியமோ தன் ஊர் நேரத்தில் காலை 7 என்று சொல்லும். அது உங்கள் திரையில் 8. இந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதி ஒட்டிவைக்காத காலத்தில், இரண்டு முறை ஒரு மணித்தியாலம் முன்னதாகக் கதவடியில் போய் நின்றிருக்கிறேன். 14இல் ஒரு மணித்தியாலம் வீணே போனது.

திரும்பிவரும் நாளைத் தனியாகப் போடுங்கள். செவ்வாய்க்கிழமை திரையின்படி 6:15க்குக் கடமை ஆரம்பித்து, 8 மணிக்கு டொக்கில் நின்று, 11:15க்கு வெளியே வந்தால், இடையில் அரை மணித்தியாலம் நின்றாலும் மாலை 5 மணியை ஒட்டி டெட்ரோயிட்டை அடையலாம். சுங்கம் முடிந்து கனடாவுக்குள் வந்ததும் 16 மணித்தியாலக் கணக்கு கைகொடுக்கும் என்று பலர் மிசிசாகா வரை இழுத்துவிடப் பார்ப்பார்கள். ஆனால் டொக்கில் இருந்த மூன்று மணித்தியாலமும் இடையில் நின்ற அரை மணித்தியாலமும் கடமையாகப் பதிவாகியிருந்தால், 8:15க்கே கனடாவின் 14 மணித்தியாலக் கடமை நேரம் முடிவுக்கு வந்துவிடும். மிசிசாகாவோ 9:30க்கு மேல். லண்டனுக்கு அருகே உள்ள ஒன்ரூட் நிறுத்தத்தில் படுத்துவிட்டுப் புதன் காலை வீடு சேருங்கள்.

டொக்கில் போகும் நேரம்

அந்த மூன்று மணித்தியாலத்தை எப்படிப் பதிவது என்பதில்தான் நாள் நிமிர்வதும் சரிவதும் இருக்கிறது. ஒஹாயோவில் ஒரு களஞ்சியத்தில், 3ஆம் இலக்கக் கதவின் பக்கத்துச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நான்கு மணித்தியாலம் இருந்தேன். போர்க் லிப்ட் உள்ளே ஏறும்போதெல்லாம் ட்ரெய்லர் ஒருமுறை தாழ்ந்து எழும். அதை எண்ணித்தான் எத்தனை பலகைத் தட்டுகள் இறங்கின என்று தெரிந்துகொண்டேன். விளக்கு பச்சையானபோது திரையில் மிச்ச நேரம் 0:27 என்றிருந்தது. முதல் பத்து நிமிடத்திலேயே ட்ரக்கின் படுக்கையான ஸ்லீப்பரில் ஏறிப் படுத்து, லொக்கையும் அதற்கு மாற்றியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

காரணம், அமெரிக்காவின் பிரிந்த ஓய்வு விதி. குறைந்தது 7 மணித்தியாலம் ஸ்லீப்பரில், குறைந்தது 2 மணித்தியாலம் ஸ்லீப்பரில் அல்லது கடமையற்று, இரண்டும் கூடி 10க்குக் குறையாமல் எடுத்தால், அந்த இரண்டு துண்டும் 14 மணித்தியாலக் கடிகாரத்தில் சேராது. டொக்கில் 3 மணித்தியாலம் படுத்து, பின்னர் 7 மணித்தியாலம் படுத்தால் கணக்கு பொருந்தும். தனிச் சாரதிக்குக் கனடாவில் ஒவ்வொரு துண்டும் 2 மணித்தியாலத்துக்குக் குறையாமல் மொத்தம் 10 இருக்க வேண்டும் என்பதால், அமெரிக்கப் பிரிப்பை ஸ்லீப்பரிலேயே எடுத்தால் இரு நாட்டுக்கும் பொதுவாகும். ஆனால் நிறுவனம் உங்களை லோட்டின் பொறுப்பிலிருந்து விடுவித்திருக்க வேண்டும். நீங்களே நின்று தட்டுகளை எண்ணிக் கையெழுத்திடுகிறீர்கள் என்றால் அது கடமை நேரம், அதைப் படுக்கையாகப் பதிவது பொய் லொக். பழக்கமில்லாதவர்கள் இந்த முறையை முதன்முதலில் நெருக்கடியான நாளில் செய்து பார்க்காமல் இருப்பது நல்லது.

இயந்திரத்தின் குணத்தையும் அறிந்துவையுங்கள். மின்னணு லொக் கருவி அமெரிக்காவில் 2017 டிசம்பரிலும், கனடாவில் 2021 ஜூனிலும் கட்டாயமானது. கனடாவில் அபராத நடவடிக்கை 2023 ஜனவரியிலிருந்து. வண்டி நகர்ந்ததும் அது தானாகவே ஓட்டம் என்று பதியும். ஐந்து நிமிடம் நின்றால் கேள்வி கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் ஓட்டாத கடமை நேரத்துக்கு மாறும், ஓய்வுக்கு மாறாது. இரவு படுக்கப் போகும்போது பொத்தானை அழுத்த மறந்துவிட்டு, காலையில் எழும்பும்போது இரவு முழுவதும் கடமையில் இருந்ததாக லொக் காட்டினால் அதைக் குறிப்பெழுதித் திருத்தலாம். தானாகப் பதிவான ஓட்ட நேரத்தை மட்டும் குறைக்க முடியாது. கருவி பழுதானால் எழுதுவதற்கு, அமெரிக்க விதிப்படி குறைந்தது எட்டு நாட்களுக்கும் கனடிய விதிப்படி குறைந்தது 15 நாட்களுக்கும் உரிய வெற்று லொக் தாள்கள் வண்டியில் இருக்க வேண்டும்.

திட்டம் உடையும்போது இரண்டு வாசல்கள் உண்டு. புறப்படும்போது அறிய முடியாத பனிப்புயல், விபத்தால் மூடிய சாலை போன்றவற்றுக்கு அமெரிக்காவில் ஓட்டத்தையும் 14ஐயும் 2 மணித்தியாலம் வரை நீட்டலாம். கனடாவிலும் 2 மணித்தியாலம் வரை இடமுண்டு. வானிலை அறிக்கையில் முதல் நாளே சொல்லப்பட்ட பனிக்கு இது பொருந்தாது. இரண்டாவது, சொந்தத் தேவைக்கான ஓட்டம்: அமெரிக்காவில் இறக்கி முடித்தபின் நேரமில்லாவிட்டால் அருகிலுள்ள பாதுகாப்பான தரிப்பிடம் வரை போகலாம். கனடாவிலோ லோட் இல்லாமல், ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, நாளொன்றுக்கு 75 கிலோமீற்றருக்குள் மட்டும். சில நிறுவனங்கள் இதை அறவே அனுமதிப்பதில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டப்படி நேரம் இருப்பதும் கண் திறந்திருப்பதும் ஒன்றல்ல. அதிகாலை 2 முதல் 6 வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னரும் உடல் தானாகவே சோரும் நேரம். முடிந்தவரை நீண்ட ஓட்டத்தை அங்கே வைக்காதீர்கள். கடந்த இரண்டு வெளியேறு பலகைகளும் நினைவில் இல்லை என்றால், அல்லது சக்கரம் ஓரத்து வரிவெட்டில் ஒருமுறை உறுமினால், அடுத்த வெளியேற்றத்தில் இறங்கி 20 நிமிடம் கண்மூடுங்கள். அமெரிக்காவில் அதையே 30 நிமிடமாக்கினால் அன்றைய இடைவேளையும் அதிலேயே அடங்கும்.

ஒவ்வோர் இரவும் எஞ்சினை நிறுத்தியதும், மறுநாள் சட்டப்படி புறப்படக்கூடிய மிக முந்திய நேரத்தைக் கணக்கிட்டு டிஸ்பாச்சருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: ‘3:20க்கு நிறுத்தினேன், 1:20க்கு முன் நகர முடியாது.’ அனுப்பியபின் தொலைபேசியின் ஒலியைக் குறைத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடுங்கள்.