எத்தனை பேருக்குக் கதிர்வீச்சு கிடைக்கிறது: மாவட்டவாரியாக எண்ணிப் பார்க்கும் வழி

புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவுகளோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். கதிர்வீச்சுச் சிகிச்சை, அதாவது நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வது, எந்தப் பகுதியில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று கணக்கெடுப்பதே அதில் பெரும்பகுதி. புதிதாக இந்தக் கணக்கில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் போட்ட வரைபடத்தில் பெரிய சிகிச்சை மையம் உள்ள ஒரு மாவட்டத்துக்கு 140 விழுக்காடு வந்தது. நூறு பேருக்கு நோய் வந்தால் நூற்று நாற்பது பேருக்கு எப்படிச் சிகிச்சை தர முடியும்? வகுத்தலில் மேலே உள்ள எண்ணை, அதாவது கதிர்வீச்சு பெற்றவர்களை, சிகிச்சை நடந்த இடத்தை வைத்தும், கீழே உள்ளதை, அதாவது நோய் வந்தவர்களை, வீட்டு முகவரியை வைத்தும் எடுத்திருந்தேன். சுற்றியுள்ள மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் சொந்த மாவட்டங்களோ யாருக்குமே சிகிச்சை கிடைக்காத இடங்கள் போலத் தெரிந்தன. அதனால் முதல் விதி: இரண்டு எண்களும் நோயாளி வசிக்கும் இடத்தை வைத்தே வர வேண்டும். எங்கே போய்ச் சிகிச்சை எடுத்தாலும் அவர் அவருடைய ஊர்க் கணக்கில்தான் சேர வேண்டும்.

அடுத்தது, ஒரு ஆளை ஒரு முறைதான் எண்ண வேண்டும். நோய் திரும்பி வந்தாலோ எலும்புக்குப் பரவினாலோ அதே ஆளுக்கு இரண்டாவது, மூன்றாவது முறையும் கதிர்வீச்சு தருவார்கள். மருத்துவமனைப் பதிவில் அவை தனித்தனி வரிகளாக இருக்கும். முதல் சுற்றைத் தனியாகப் பிரித்து எடுங்கள்.

கால எல்லையையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ‘எப்போதாவது கதிர்வீச்சு பெற்றவர்’ என்று எண்ணினால் கடைசி சில வருடங்களில் கோடு கட்டாயம் கீழே இறங்கும். போன வருடம் நோய் கண்டறியப்பட்டவருக்கு இன்னும் நாள் இருக்கிறதே! இந்தச் சரிவைச் சேவை குறைந்துவிட்டதாக எழுதிய அறிக்கைகளை நான் திருத்தியிருக்கிறேன். நோய் கண்டறிந்த ஒரு வருடத்துக்குள் பெற்றவர்கள் என்று எல்லா வருடத்துக்கும் ஒரே அளவாக வைத்தால் பிரச்சினை தீரும்.

சரி, ஒரு மாவட்டத்துக்கு 35 விழுக்காடு வந்துவிட்டது. அது குறைவா, போதுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வுக் குழு ஒன்று, மருத்துவ வழிகாட்டுதல்களையும் நோய்களின் பரவலையும் சேர்த்துக் கணக்கிட்டு, புற்றுநோயாளிகளில் 52.3 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது கதிர்வீச்சு தேவைப்படும் என்று 2005-இல் சொன்னது. பின்னர் வந்த திருத்தத்தில் அது 48.3 ஆனது. நோய்களின் பரவல், சிகிச்சைக்கான காரணங்கள், கணக்கிடும் முறை எல்லாமே மாறியிருந்தன. ஆக, ‘பாதிப் பேர்’ என்பது ஒரு வழிகாட்டிதான். அதுவும் வாழ்நாள் கணக்கு. உங்கள் ஒரு வருடக் கணக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

அதைவிட முக்கியம், எந்தப் புற்றுநோய் என்பது. அதே குழுவின் கணக்கில் மார்பகப் புற்றுநோய்க்கு 87 விழுக்காடு, பெருங்குடலுக்கு வெறும் 4. ஒரு மாவட்டத்தில் மார்பகம் 300 பேர், பெருங்குடல் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்க்க வேண்டியது 265 பேர், அதாவது 66 விழுக்காடு. இன்னொரு மாவட்டத்தில் இதே 400 பேர் தலைகீழாக இருந்தால், 99 பேர்தான் வருவார்கள், 25 விழுக்காடு. இரண்டிலும் மருத்துவம் ஒரே தரத்தில் இருந்தாலும் வரைபடத்தில் ஒன்று அடர் நிறமாகவும் மற்றது வெளிறியும் தெரியும். ஆகவே ஒவ்வொரு புற்றுநோய்க்கும் எதிர்பார்ப்பைத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டி, உண்மையில் கிடைத்ததை அதோடு ஒப்பிடுங்கள். வயதும் நோயின் நிலையும் பதிவில் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிறிய மாவட்டங்களை அவசரப்பட்டு வரிசைப்படுத்தாதீர்கள். பன்னிரண்டு பேரில் ஆறு பேர் என்றால் 50. இரண்டு பேர் குறைந்தால் 33. மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் காலப்போக்கு. கோடு இறங்கினாலே கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 70 வயதைத் தாண்டிய, சிறிய, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் மார்பகக் கட்டி உள்ள பெண்களில் சிலருக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்று 2004-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. தவிர்த்தவர்களுக்கு மார்பகத்தில் நோய் திரும்புவது சற்றே கூடியது. உயிர்வாழ்வதில் வித்தியாசம் தெரியவில்லை. நிணநீர் மண்டலப் புற்றுநோய்களில் ஒன்றான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் பிற்கால விளைவுகளுக்கு அஞ்சிக் கதிர்வீச்சைக் குறைத்தார்கள். இவை நல்ல சரிவுகள்.

இன்னொரு பொறி, அமர்வுகளை எண்ணுவது. மார்பகத்துக்கு முன்பு 25 அமர்வு, ஐந்து வாரம். பிறகு பல இடங்களில் 15 அமர்வாக, மூன்று வாரமாகக் குறைந்தது. 2020-இல் வெளிவந்த பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு, ஒரே வாரத்தில் 5 அமர்வுகளில் 26 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) தருவது, 15 அமர்வில் 40 கிரே தருவதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஆயிரம் அமர்வில் முன்பு 40 பெண்களுக்குத்தான் சிகிச்சை தர முடிந்தது. இந்த முறையில் 200 பேருக்குத் தரலாம். அமர்வுகளை எண்ணினால் சேவை சரிகிறது என்று தோன்றும். ஆட்களை எண்ணினால் உயர்ந்திருக்கும். இயந்திரங்களை மட்டும் எண்ணினாலும் இதே குழப்பம்தான்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு மாவட்டம் பின்தங்கி நின்றால், தூரத்தைப் பாருங்கள். வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்கும் தூரம் உதவாது. வீட்டிலிருந்து மையத்துக்குப் போய்ச்சேர ஆகும் நேரத்தை எடுங்கள். பலருக்கு இது வாரக்கணக்கில் தினமும் போய்வர வேண்டிய சிகிச்சை. கனடாவின் ஒண்டாரியோவில் வலி தணிக்கும் கதிர்வீச்சு, புற்றுநோய் மையத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கே அதிகம் கிடைத்தது. எனக்கு இந்த வேலையிலேயே மனதை மிகவும் வருத்துவது இதுதான். எலும்புக்குப் பரவிய நோயில் பெரும்பாலும் 8 கிரே அளவில் ஒரே ஒரு அமர்வே வலியைத் தணிக்கப் போதும். ஒரு நாள் பயணம். அதுகூடக் கிடைக்காமல் போகிறவர்கள் பட்டியலில் வெறும் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறார்கள்.

தூரமாக வசிக்கும் பெண்களிடம் இன்னொன்றையும் பாருங்கள்: எத்தனை பேருக்கு மார்பகத்தை முழுதாக அகற்றியிருக்கிறார்கள்? கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு கதிர்வீச்சுக்கு அலைய வேண்டும் என்பதாலேயே முழு அறுவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருப்பார்கள். கதிர்வீச்சுக் கணக்கில் அவர்கள் ‘தேவைப்படாதவர்கள்’ ஆகி மறைந்துவிடுவார்கள். அட்டவணையில் அறுவைச் சிகிச்சைப் பத்தியையும் பக்கத்தில் வைக்காமல் மார்பகக் கணக்கை முடிக்கவே முடிக்காதீர்கள்.

கடைசியாக, கணினியை விட்டு எழுந்து, பின்தங்கிய மாவட்டத்தில் கதிர்வீச்சு பெறாதவர்களில் முப்பது பேரின் நோயாளிக் கோப்புகளை எடுத்துப் படியுங்கள். யாரும் பரிந்துரைக்கவில்லையா, பரிந்துரைத்தும் வரவில்லையா, வேண்டாம் என்றாரா, காத்திருக்கும்போதே இறந்துவிட்டாரா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் எழுதுங்கள். பரிந்துரைக்கவில்லை என்றால் மருத்துவர்களிடம் பேச வேண்டும். வரவில்லை என்றால் தங்குமிடமும் வண்டியும் வேண்டும். காத்திருந்து இறந்தார்கள் என்றால் இயந்திரம் வேண்டும். அந்தக் காரணத்தை எழுத உங்கள் அட்டவணையில் ஒரு பத்தி இல்லையென்றால், இன்றே சேர்த்துவிடுங்கள்.