பிழையைச் சொல்ல வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது

குழுவில் ஒருவர் தம் வேலையில் நேர்ந்த பிழையைச் சொல்ல வரும்போது, தலைமைப் பொறுப்பில் இருப்பவர் முதலில் உதிர்க்கும் சொல்லே அடுத்த முறை அவர் வந்து சொல்வாரா, மறைப்பாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்த நேரத்தில் அது விசாரணையாகவே காதில் விழும், கேட்கப்பட்டவரும் நடந்ததை விளக்குவதை விட்டுவிட்டுத் தம்மைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். அதற்குப் பதிலாக, "உடனே சொன்னதற்கு நன்றி, இப்போது எது பாதிக்கப்பட்டிருக்கிறது, உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். காரணத்தை ஆராய்வதை, நிலைமை சீரான பிறகு, மற்றவர்கள் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதை அடியோடு கைவிட்டுவிடாதீர்கள், கண்டுகொள்ளாமல் விடுவது பரிவு ஆகாது.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்து வழங்குவதில் நேர்ந்த பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார். அக்குழுவினர் பிழைகளை அஞ்சாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். ஆகவே, பல வாரங்களாக ஒரு சிக்கலும் உங்கள் காதுக்கு எட்டவில்லை என்றால், அதை நல்ல அறிகுறி என்று எண்ணி நிம்மதி அடைய வேண்டாம். அடுத்த தனிச் சந்திப்பில், "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்த வாரம் எந்த இடத்தில் தடுமாற்றம் இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.