புதுப் பிளாஸ்டிக், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்: விலைப் போக்கை நீங்களே கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

மறுசுழற்சிக் குருணையின் (உருக்கிப் பொருள் வார்க்கப் பயன்படும் சிறு பிளாஸ்டிக் மணிகள்) விலை புதுக் குருணையைவிடக் குறைவாக இருக்கிறது, ஆகவே அது மலிவு என்று முடிவுகட்டி வாங்கியவர்களுக்கு மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். விலைப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளின் விலைகள் அல்ல. தரம் வேறு, எந்த இடத்தில் கைமாறும் விலை என்பது வேறு, ஒரு கிலோவில் உண்மையில் எவ்வளவு தேறும் என்பதும் வேறு. இவற்றைச் சமன்செய்த பிறகு மிஞ்சும் இடைவெளிதான் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும். அந்த இடைவெளியை மாதாமாதம் கண்காணிக்க ஒரு தாளைத் தயாரிப்பதுதான் இங்கே வேலை.

தேவையானவை: எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், குறைந்தது 36 மாத விலைத் தரவு. ஐ.சி.ஐ.எஸ்., ஆர்கஸ், பிளாட்ஸ் போன்ற நிறுவனங்களின் கட்டண அறிக்கைகள் கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாமலும் தொடங்கலாம்.

படி 1: ஒரே ஒரு தரத்தைத் தேர்ந்தெடுங்கள்

"பிளாஸ்டிக் விலை" என்று ஒன்று கிடையாது. "எச்.டி.பி.இ. விலை" என்பதுகூடப் போதாது (எச்.டி.பி.இ. என்பது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலின்). பாட்டில் ஊதும் எச்.டி.பி.இ.யின் உருகு ஓட்டக் குறியீடு (எம்.எஃப்.ஐ., உருகியபின் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு) சுமார் 0.3. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குக்கு (உருக்கை அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) போகும் ரகத்தில் அது 8 முதல் 20 வரை. இரண்டும் வேறு வேறு விலையில் போகும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எந்திரத்தில் போடவும் முடியாது. பெட் (தண்ணீர், குளிர்பான பாட்டில்களின் பிளாஸ்டிக்) என்றால் உள்ளார்ந்த பாகுநிலையை (ஐ.வி., மூலக்கூறுச் சங்கிலிகளின் நீளத்தைக் காட்டும் அளவு) பாருங்கள்: பாட்டில் ரகம் ஏறத்தாழ 0.72 முதல் 0.84 வரை, நூல் ரகம் 0.60 முதல் 0.65 வரை.

தாளின் தலைப்பில் பொருள், ரகம், எம்.எஃப்.ஐ. அல்லது ஐ.வி., நிறம் ஆகிய நான்கையும் எழுதிவிடுங்கள். நிறத்தை விட்டுவிடாதீர்கள். நிறமி சேராத வெள்ளை எச்.டி.பி.இ. பொதிக்கும் (பொதி என்பது அமுக்கிக் கட்டிய கழிவுப் பிளாஸ்டிக் கட்டு) கலர் கலவைப் பொதிக்கும் உள்ள விலை வித்தியாசம், பல மாதங்களில் புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

படி 2: புதுப் பிளாஸ்டிக்கின் விலைச் சங்கிலி

கச்சா எண்ணெய், நாஃப்தா (எண்ணெயிலிருந்து பிரிக்கும் லேசான திரவம்), எத்திலின், பாலிஎத்திலின்: ஒன்றிலிருந்து அடுத்தது. இதுதான் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பான்மை வழி. அமெரிக்காவில் நாஃப்தாவின் இடத்தில் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரியும் ஈத்தேன் இருக்கிறது. அதனால் எண்ணெய் விலை விழுந்தால் அமெரிக்க உற்பத்தியாளரின் செலவு அந்த அளவுக்குக் குறையாது. சீனாவில் நிலக்கரியிலிருந்தும் பாலிஎத்திலின், பாலிபுரொப்பிலின் தயாராகின்றன. எந்த ஊர் விலையை எடுக்கிறீர்களோ, அந்த ஊரின் மூலப்பொருள் விலையைப் பக்கத்து நெடுவரிசையில் வையுங்கள்.

எண்ணெய்க்கு உலக வங்கி மாதந்தோறும் வெளியிடும் இலவசப் பண்ட விலைத் தாளிலிருந்து பிரெண்ட் (வட கடல் கச்சா எண்ணெய்) மாத சராசரியை எடுங்கள். டபிள்யூ.டி.ஐ. (அமெரிக்கக் கச்சா எண்ணெய்) வேண்டாம். 2020 ஏப்ரல் 20 அன்று அதன் முன்பேர விலை (பின்னாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே பேசும் விலை) பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. தினசரித் தரவில் அந்த ஒரு நாள் சிக்கினால் சதவீதக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

ரெசின் (புதுக் குருணை) விலைக்கு இலவச வழிகள் இரண்டு. ஒன்று சீன முன்பேரச் சந்தை. டாலியன் சந்தையில் எல்.எல்.டி.பி.இ. (ஃபிலிமுக்குப் போகும் பாலிஎத்திலின்) 2007 முதலும், பி.வி.சி. 2009 முதலும், பாலிபுரொப்பிலின் 2014 முதலும் வணிகமாகின்றன. டாலியன் விலை 13% மதிப்புக்கூட்டு வரி சேர்ந்தது என்பதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. ஒரு டன் 8,000 யுவான் என்று வைத்துக்கொண்டால், 1.13-ஆல் வகுத்து 7,080, டாலருக்கு 7.1 யுவான் என்றால் 997 டாலர். வரியைக் கழிக்காமல் விட்டிருந்தால் 1,127 என்று வந்திருக்கும்.

இன்னொன்று சுங்கத் தரவு. ஐ.நா.வின் காம்டிரேட் தளத்தில் மொத்த மதிப்பை மொத்த எடையால் வகுத்தால் அலகு விலை கிடைக்கும். குறியீடுகள்: பாலிஎத்திலின் 3901, பாலிபுரொப்பிலின் 3902, பாலிஸ்டைரீன் 3903, பி.வி.சி. 3904, பாட்டில் ரக பெட் 3907.61, பிளாஸ்டிக் கழிவு 3915. இதில் மூன்று இடங்களில் சறுக்கும். இறக்குமதி மதிப்பில் பெரும்பாலும் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும், ஏற்றுமதி மதிப்பில் இருக்காது, இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு 40 அடி கன்டெய்னரில் சுமார் 25 டன் ஏறும். அதற்கும் குறைவான மாத அளவுள்ள பதிவுகளை நீக்கிவிடுங்கள், அவை மாதிரிச் சரக்காகவோ விசேஷ ரகமாகவோ இருக்கும். மூன்றாவதாக, துறைமுகத்துக்கு இன்று வந்த சரக்கின் விலை ஓரிரு மாதங்களுக்கு முன்பே பேசி முடித்தது.

அமெரிக்க விலைகள் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று வரும். 22.046-ஆல் பெருக்கினால் ஒரு டன்னுக்கு டாலர்.

பெட் மட்டும் தனிக் கணக்கு. ஒரு கிலோ பெட்டுக்கு ஏறத்தாழ 0.86 கிலோ பி.டி.ஏ.வும் 0.34 கிலோ எம்.இ.ஜி.யும் (பெட் தயாரிக்கும் இரு மூலப்பொருள்கள்) போகும். இவற்றின் விலையைப் பெருக்கிக் கூட்டி, பெட் விலையிலிருந்து கழித்தால் உற்பத்தியாளருக்கு நிற்பது தெரியும். அது சுருங்கிக்கொண்டே வந்தால் ஆலைகள் உற்பத்தியைக் குறைக்கும் காலம் நெருங்குகிறது என்று அர்த்தம்.

படி 3: மறுசுழற்சிப் பக்கம்

இங்கே முன்பேரச் சந்தை இல்லை. விலை என்பது பேச்சுவார்த்தை. ஆகவே ஒரே வகைச் சரக்குக்குக் குறைந்தது மூன்று பேரிடம் மாதத்தின் அதே வாரத்தில் விலை கேட்டு, நடுவில் உள்ளதை எழுதுங்கள். சராசரி எடுக்காதீர்கள், சரக்கு கையில் இல்லாதவர் சொல்லும் விலை சராசரியை இழுத்துவிடும். பொதியா, கழுவிய செதிலா (நறுக்கிய துண்டு), குருணையா என்று நிலையையும் சேர்த்து எழுதவேண்டும். யூரோஸ்டாட் வெளியிடும் கழிவுப் பிளாஸ்டிக் விலைக் குறியீடும் உதவும், ஆனால் அது எல்லா வகையையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்த எண். திசை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பொதி விலையைக் குருணை விலையாக மாற்றும் சூத்திரம்தான் இந்தத் தாளின் உயிர்:

கழுவிய செதிலின் அடக்கம் = (பொதி விலை ÷ தேறும் விகிதம்) + கழுவும் செலவு
குருணையின் அடக்கம் = (செதில் அடக்கம் ÷ (1 − உருக்கும்போது ஆகும் சேதாரம்)) + உருக்கும் செலவு

புதுக் குருணை கிலோ 100 என்று வைத்துக்கொள்வோம் (எந்த நாணயமானாலும் சரி). பொதி 40, தேறுவது 70%, கழுவ 15, சேதாரம் 3%, உருக்க 12. வரிசையாகப் போட்டால் 57.1, 72.1, 74.4, கடைசியில் 86.4. இடைவெளி 13.6.

இப்போது புதுசின் விலை 10% விழுந்து 90 ஆகிறது. வாங்குபவர் அதே 13.6 இடைவெளியைக் கேட்பார். குருணையை 76.4-க்குக் கொடுக்கவேண்டும். கழுவும் செலவும் உருக்கும் செலவும் குறையாது. மின்கட்டணமும் கூலியும் எண்ணெய் விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் பொதிக்குக் கொடுக்க முடிவது 33.2 தான், அதாவது 17% சரிவு. புதுசு 30% விழுந்து 70 ஆனால் பொதி விலை 19.6-க்கு வந்துவிடும். பாதிக்கும் கீழே! எண்ணெய் சரியும்போது ஆலை முதலாளியைவிடக் குப்பை பொறுக்குபவருக்கு ஏன் அதிகம் அடிபடுகிறது என்பதற்கு இந்த நான்கு வரிக் கணக்கே போதும். ஏறும்போதும் இதே பெருக்கம்தான், ஆனால் அது பொதி சேகரிப்பவர் கைக்கு வந்து சேருவது தாமதமாகும்.

தேறும் விகிதத்தை விற்பவர் சொல்கேட்டுப் போடாதீர்கள். மூன்று பொதிகளை வெட்டி, வெளிப்புறத்தை விட்டு நடுப்பகுதியிலிருந்து மொத்தம் 50 கிலோ எடுத்துப் பிரித்து, கழுவி, உலர்த்தி எடைபோடுங்கள். பெட் பாட்டில் பொதியில் பொதுவாக 65 முதல் 75% தேறும். மீதி மூடி, லேபிள், ஈரம், அழுக்கு. மூடிக்கு விலை உண்டு, அந்த வரவைச் செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஃபிலிம் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) என்றால் ஈரம்தான் பெரிய திருட்டு. ஒரு கிலோவை 80 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்திப் பார்த்தால் தண்ணீருக்கு எவ்வளவு காசு கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

பெட்டில் பி.வி.சி. கலந்திருந்தால் தண்ணீர்த் தொட்டி காட்டிக்கொடுக்காது. இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட 1.38, இரண்டும் மூழ்கும். செதிலை 220 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்கள்; பி.வி.சி. துண்டுகள் பழுப்பாகிக் கருகும். பெட் உருகும் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமில வாயுவை விடுவதால் மொத்த உருக்கும் மஞ்சளாகி ஐ.வி. இறங்கிவிடும். அப்புறம் பாட்டில் ரகம் என்று வாங்கியது நூல் ரகத்துக்குத்தான் ஆகும்.

படி 4: வாங்குபவர் பக்கத்துச் சமன்

குருணையை எடைக்கு வாங்குகிறோம். ஆனால் அச்சை நிரப்புவது கன அளவு. சுண்ணாம்புத்தூள் கலந்த மறுசுழற்சி எச்.டி.பி.இ.யின் அடர்த்தி 1.02, புதுசின் அடர்த்தி 0.95 என்றால் அதே வாளிக்கு 7.4% கூடுதல் எடை போகும். மேலே வந்த 86.4 இங்கே 92.7 ஆகிறது. மறுசுழற்சியில் 4 சதவீதமும் புதுசில் 1 சதவீதமும் கழிபட்டால், முறையே 96.6, 101.0. பட்டியலில் 13.6 ஆகத் தெரிந்த இடைவெளி, எந்திரத்திலிருந்து வெளியே வரும்போது 4.4. கழிவை அரைத்து மீண்டும் போடுபவர்கள் கழிவு முழுவதையும் நஷ்டமாக எழுதாமல், அரைக்கும் கூலியை மட்டும் சேர்க்கலாம்.

அடர்த்தியைச் சான்றிதழில் கேளுங்கள். சுத்தமான எச்.டி.பி.இ. குருணை தண்ணீரில் மிதக்கவேண்டும். மூழ்கினால் விலையைப் பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள்.

படி 5: தாமதத்தை அளப்பது

எண்ணெய் அசைந்து எத்தனை மாதம் கழித்து உங்கள் பொதி விலை அசைகிறது? இரண்டு விலைகளையும் மாதாந்திரச் சதவீத மாற்றமாக மாற்றி, கோரெல் (CORREL) சார்பில் போடுங்கள்; இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று அது சொல்லும். பிறகு எண்ணெய் வரிசையை ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கீழே தள்ளி மறுபடி போடுங்கள். எண் உச்சத்தில் நிற்கும் இடம்தான் உங்கள் தாமதம்.

சதவீதமாக மாற்றாமல் நேரடி விலைகளைப் போட்டால் 0.9 என்றெல்லாம் வரும். அதை நம்பவேண்டாம், ஒன்றாக ஏறிய எந்த இரண்டு வரிசைக்கும் அப்படித்தான் வரும். 32 மாத மாற்றங்கள் (36 மாதத் தரவில் மூன்று மாதம் தள்ளியபின் மிஞ்சுவது) கையில் இருந்தால், 0.35-க்குக் கீழான எதையும் தற்செயல் என்று தள்ளுங்கள்.

படி 6: குறிப்புக் கட்டம்

ஒவ்வொரு மாதப் பதிவுக்கும் ஒரு குறிப்புக் கட்டம் வையுங்கள். எண்களால் மட்டும் விளங்காத திருப்பங்கள் இருக்கின்றன. 2018 ஜனவரி முதல் சீனா வீட்டுக் கழிவுப் பிளாஸ்டிக் இறக்குமதியை நிறுத்தியதும், ஏற்றுமதி நாடுகளில் கலவைப் பொதிகள் வாங்க ஆளில்லாமல் தேங்கின. எண்ணெய் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைபனியில் அமெரிக்க ஆலைகள் நின்றன. புதுசு எகிறியது, மறுசுழற்சியும் கூடவே எகிறியது. அந்த ஆண்டு அங்கே வெள்ளை எச்.டி.பி.இ. பொதி ஒரு பவுண்டு ஒரு டாலரைத் தாண்டியது.

சட்டமும் விலைதான். மறுசுழற்சிப் பங்கு 30 சதவீதத்துக்குக் குறைந்த பிளாஸ்டிக் பொதியுறைக்கு 2022 ஏப்ரலில் பிரிட்டன் டன்னுக்கு 200 பவுண்டு வரி போட்டது. பின்னர் அதை உயர்த்தியும் வருகிறது. பெட் பானப் பாட்டில்களில் 2025 முதல் 25% மறுசுழற்சிப் பொருள் இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. இதனால் உணவுத் தர மறுசுழற்சி பெட், புதுசைவிட அதிக விலைக்கு ஐரோப்பாவில் விற்பது சகஜமாகிவிட்டது. உங்கள் தாளில் இடைவெளி எதிர்மறையாக வந்தால் சூத்திரம் தப்பு என்று பதறி அழிக்கவேண்டாம். அந்தச் சரக்கு வேறு சந்தையைச் சேர்ந்தது. அதைத் தனித் தாளுக்கு மாற்றி, எண்ணெய் நெடுவரிசையை எடுத்துவிட்டு, சேகரிப்பு அளவையும் விதிகள் அமலாகும் தேதிகளையும் அங்கே வையுங்கள்.