சியாங் மாயில் ஓய்வுக்காலம்: எந்த மருத்துவமனைக்கு எப்போது?

தாய்லாந்தின் அரசு இலவச மருத்துவத் திட்டம் ஓய்வு விசாவில் இருக்கும் வெளிநாட்டவருக்குக் கிடையாது. அரசு மருத்துவமனைகளிலும் உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதல் கட்டணம்தான். அப்படியும் தனியாரைவிட அது பெரும்பாலும் மலிவு.

சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் மகராஜ் மருத்துவமனையை ஊரில் 'சுவான் டோக்' என்பார்கள். சிக்கலான நோய்களுக்கு நிபுணர்கள் அங்கே உண்டு. ஆனால் கூட்டம் அதிகம், காத்திருப்பும் நீளம். பாஸ்போர்ட்டோடு விடியற்காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள். காத்திருக்க முடியாதென்றால், அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தைச் சேர்ந்த ஸ்ரீபட் மையம் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டணம் கூடும், காத்திருப்பு குறையும். பலருக்கு இதுவே சரியான நடுவழி.

பலர் சறுக்குவது தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும்போது. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வரும்வரை முன்பணம் கேட்கலாம். அதற்கான தொகையைத் தாய்லாந்து வங்கிக் கணக்கிலேயே வைத்திருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களைக் காப்பீட்டு விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். தெரியவந்தால் முழுக் கோரிக்கையையும் நிராகரிக்க அது போதும்.

ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகளைத் தனியார் மருத்துவமனையில் வாங்காமல் வெளி மருந்துக்கடையில் விசாரியுங்கள், விலை வெகுவாகக் குறையும். பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

அவசர ஆம்புலன்ஸ் எண் 1669. வீட்டு முகவரியைத் தாய்லாந்து மொழியில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள்.